கல்லில் எழுதிய கணக்கு: தோமியேயின் ‘கார்கான்துவா’ படத்தை முன்வைத்து

பிரான்சு நாட்டு ஓவியர் ஒனோரே தோமியே 1831-ஆம் ஆண்டின் இறுதியில் வரைந்த ஒரு கேலிப்படத்தைப் பற்றி இம்மலரில் எழுத எண்ணினேன். படத்தின் பெயர் ‘கார்கான்துவா’. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலேயின் நூலில் வரும் பெருந்தீனி அரக்கனின் பெயர் அது. நம்ம பாரதக் கதையில் வண்டி வண்டியாகச் சோறு கேட்ட பகாசுரனுக்கு ஒரு தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்ச் சங்க மலரில் பிரெஞ்சுக்காரன் படத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. அந்தப் படத்திலிருந்து புறப்படுகிற வழி புதுச்சேரியில் பாரதியார் வாசலுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து நம் திருவனந்தபுரத்துக்கும் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கூட வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் படம். நடுவில் மலைபோல் ஒருவன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். மேலே சிறுத்து, தாடைப் பக்கம் பெருத்த தலை. பிரான்சின் மன்னர் லூயி பிலிப்பின் முகம் அது என்று பாரிசில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தரையிலிருந்து அவன் வாய்வரை சாய்வாக ஒரு பலகை போட்டிருக்கிறது. கப்பலில் மூட்டை ஏற்றுகிறவர்கள் போல ஆட்கள் கூடைகளைச் சுமந்துகொண்டு அதில் ஏறுகிறார்கள். கூடை நிறையக் காசு. கீழே வலப்பக்கத்தில் கந்தலுடுத்த ஏழைகள் வரிசையாக வந்து கையிலிருப்பதைக் கூடையில் போடுகிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாயும் இருக்கிறாள். பலகையின் அடியில் சில பெரிய மனிதர்கள், கூடையிலிருந்து சிந்துவதைப் பொறுக்குகிறார்கள். அவன் அமர்ந்திருக்கும் நாற்காலியும் சாதாரண நாற்காலியல்ல, கழிப்பு நாற்காலி. மேலே காசாகப் போனது கீழே பதவி ஆணைகளாகவும் விருதுப் பட்டைகளாகவும் வெளியேறுகிறது. அதை அள்ளிக்கொள்ளச் சட்டமன்ற வாசலில் ஒரு கூட்டம் முண்டியடிக்கிறது.

அருவருப்பான படம்தான். மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷமாகப் பழவங்காடியில் பாத்திரம் நிறுத்து விற்கிறவன் நான். ஓவிய வரலாற்று நூலொன்றில் இதைக் கண்டபோது எனக்குப் பேரேடுதான் ஞாபகம் வந்தது. வரவு எங்கிருந்து, பற்று யார் பேரில், வழியில் சிந்தினது எவ்வளவு, அதைப் பொறுக்கினவன் யார் என்று ஒரே தாளில் ஐந்தொகை போட்டுக் காட்டிவிட்டார் அந்த இளைஞர். பலகையை மட்டும் கையால் மறைத்துப் பாருங்கள், அருவருப்பு மட்டும்தான் மிஞ்சும். பலகை இருந்தால் கணக்கு. படத்தின் உயிர் அந்தப் பலகையில் இருக்கிறது.

அந்தக் கணக்குக்கு அன்று காரணமும் இருந்தது. 1830 ஜூலையில் பாரிசு மக்கள் தெருவில் தடுப்பு எழுப்பிப் போராடிப் பழைய மன்னரை விரட்டினார்கள். அதன் பயனாக அரியணை ஏறியவர் லூயி பிலிப். குடையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிற ‘குடிமக்கள் மன்னர்’ என்று பெயர் வாங்கியவர். அவர் வந்த மறு ஆண்டே அரண்மனைச் செலவுக்கு ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் பிராங்க் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. 1832-இல் 1 கோடியே 20 லட்சம் என்று முடிவாயிற்று. குடை பிடித்து நடக்கிறவருக்கு இவ்வளவு எதற்கு என்று ஊரார் முணுமுணுத்ததைத்தான் தோமியே வரைந்தார்.

படம் பத்திரிகையில் வரவில்லை. கடைக் கண்ணாடியில் தொங்கவிட்டார்கள், கூட்டம் கூடியது, காவலர் வந்து படிகளைக் கைப்பற்றினார்கள். 1832 பிப்ரவரியில் விசாரணை. வரைந்தவரோடு வெளியிட்டவரும் அச்சிட்டவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இருபத்துநான்கு வயது நிரம்பாத தோமியேக்கு ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். தண்டனையை உடனே நிறைவேற்றாமல் விட்டுவைத்தார்கள். பையன் அடங்குகிற வழியாயில்லை. அடுத்த படம் வரைந்தார். ஆகஸ்டில் பிடித்து உள்ளே போட்டாங்க.

இங்கே அச்சுத் தொழில் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படங்களெல்லாம் கல்லச்சு. 1790-களின் இறுதியில் செனெபெல்டர் என்கிற ஜெர்மானியர் கண்டுபிடித்த முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மைக்கோலால் வரைய வேண்டும். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைத்து மையுருளையை உருட்டினால், கொழுப்புப் பட்ட இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஈரமான இடத்தில் பிடிக்காது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று நம் வீட்டுப் பெண்கள் அறிந்த உண்மைதான், வேறொன்றும் இல்லை. மரத்திலோ செம்பிலோ செதுக்க நாள் கணக்கில் ஆகும். கல்லில் ஓவியர் தாளில் வரைவது போலவே வரைந்துவிடலாம். நேற்று சபையில் நடந்தது இந்த வாரமே படமாகித் தெருவுக்கு வந்துவிடும். கிளிமானூர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுதோறும் அனுப்பியதும் இந்தக் கல்லச்சு முறையாலேதான். பழவங்காடியில் எத்தனையோ கல்லாப்பெட்டிக்கு மேல் ஊதுவத்திப் புகையில் இருக்கிற அந்த லட்சுமி படமும், மன்னரைக் கழிப்பு நாற்காலியில் உட்கார்த்திய படமும் ஒரே தொழில்நுட்பத்தின் பிள்ளைகள் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

தோமியேயின் முதலாளி சார்ல் பிலிப்போன். ‘லா கரிகாத்யூர்’ என்ற வார இதழையும், 1832 டிசம்பரிலிருந்து ‘லெ ஷாரிவாரி’ என்ற நாளிதழையும் நடத்தியவர். இவர் மேலும் 1831 நவம்பரில் மன்னரை இழிவுபடுத்தியதாக வழக்கு வந்தது. நீதிமன்றத்திலேயே தாளை எடுத்து நான்கு படம் வரைந்து காட்டினார். முதலாவது மன்னர் முகம். இரண்டாவதில் கொஞ்சம் உருமாற்றம். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நான்காவது வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றமென்றால் அதைப் போலிருக்கிற இரண்டாவதும் குற்றம், அப்படியே போனால் பேரிக்காய் விளைகிற தோட்டமெல்லாம் குற்றமாகுமே என்பது வாதம். ஆறு மாதமும் 2000 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். ஆனால் அந்தப் பேரிக்காய் பாரிசுச் சுவரிலெல்லாம் கரிக்கட்டியால் முளைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் பேரிக்காய் வரைவான் அல்லவா?

பிலிப்போன் நல்ல வியாபாரியும்கூட. அபராதத்துக்கு அபராதம் கட்டி மாளாமல், 1832-இல் மாதச் சந்தாத் திட்டம் ஒன்று தொடங்கினார். மாதம் ஒரு பிராங்க் கொடுப்பவருக்குப் பெரிய அளவில் உயர்ந்த கல்லச்சுப் படம் ஒன்று; சேரும் பணம் அபராதக் கணக்குக்கு. நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி. இந்தத் திட்டத்தில் வந்த ஒரு படம்தான் தோமியே வரைந்தவற்றில் தலைசிறந்தது என்பேன். ‘திரான்ஸ்னொனேன் தெரு, 1834 ஏப்ரல் 15’ என்று தேதியும் இடமும் மட்டுமே அதற்குத் தலைப்பு.

பாரிசில் கலகம் நடந்த இரவு அது. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து யாரோ சுட்டதாகச் சொல்லிப் படைவீரர்கள் உள்ளே புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த குடித்தனக்காரர்களைக் கொன்றார்கள். தோமியே சண்டையை வரையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அறை எப்படியிருக்குமோ அதை வரைந்தார். இரவுச் சட்டையும் குல்லாயுமாக ஒருவன் கட்டிலோரம் சரிந்து கிடக்கிறான். அவன் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை. ஒரு பக்கம் கிழவர் ஒருவரின் தலை, மறுபக்கம் நிழலில் ஒரு பெண். கவிழ்ந்த நாற்காலி ஒன்று. படத்தில் ஒரு சிப்பாய் கிடையாது, மன்னர் கிடையாது, பேரிக்காயும் கிடையாது. சிரிக்க எதுவும் இல்லை. ஆனாலும் காவலர்கள் கிடைத்த படிகளையெல்லாம் தேடிப் பிடித்தார்கள். வரைந்த கல்லையும் எடுத்துக்கொண்டார்கள். கேலி செய்ததற்காகத்தான் படத்தைப் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாதம் அன்றோடு போயிற்று.

மறு ஆண்டு மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணம் காட்டி, 1835 செப்டம்பரில் புதுச் சட்டம் வந்தது. இனி எந்தப் படமும் முன் அனுமதி பெறாமல் வெளிவரக் கூடாது. தணிக்கை இனி ஒருகாலும் வராது என்று 1830-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் எழுதியிருந்தார்களே என்று கேட்டார்கள். அமைச்சர் தரப்பில் சொன்ன விடை மிகவும் நுட்பமானது. சாசனம் காப்பது கருத்தை, எழுத்து கருத்து, படமோ கண்ணோடு பேசுகிறது, ஆகவே அது கருத்தைத் தாண்டிச் செயலாகிவிட்டது என்றார்கள். எனக்கு இந்த வாதத்தில் உடன்பாடில்லை, ஆனால் பயந்தவனின் உண்மை அதில் இருக்கிறது. தலையங்கம் படிக்க எழுத்தறிவு வேண்டும், நேரம் வேண்டும். படத்துக்கு ஒரு நொடி போதும். கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நிற்கிறவன் எட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டு போய்விடுவான்.

அரசியல் தடைப்பட்டதும் தோமியே வக்கீல்களையும் வீட்டுக்காரர்களையும் பணக்காரர்களையும் வரைந்தார். நாலாயிரம் அளவுக்குக் கல்லச்சுப் படங்கள் அவர் பேரில் உண்டு. எல்லாம் நல்லவை என்று சொல்ல மாட்டேன். 1844-இல் எழுதப் படிக்க ஆசைப்பட்ட பெண்களைக் கிண்டலடித்து ஒரு வரிசையே வரைந்தார். அடுப்பங்கரையை விட்டுப் புத்தகம் எடுத்தால் வீடு கெட்டுப்போகும் என்கிற பழைய பல்லவி. மன்னரின் வாய்வரை பலகை போட்ட அதே கை, பாவம், இதையும் செய்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தோமியே 1879 பிப்ரவரியில், பார்வை மங்கிய நிலையில் மறைந்தார். அவர் மறைந்து இரண்டரை ஆண்டு கழித்து, 1881 ஜூலை 29-ஆம் நாள் பிரான்சு பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. படங்களுக்கு முன் அனுமதி என்ற பேச்சு ஒழிந்தது.

அந்தச் சட்டத்தின் கடைசிப் பகுதியில் ஒரு வரி, இது குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்கிறது. புதுச்சேரி, காரைக்கால், இங்கே நம் கேரளக் கரையில் மய்யழி எல்லாம் அதில் அடக்கம். பாரிசுக்காரர்கள் எழுதியபோது தமிழ் எழுத்தாளன் ஒருவன் அதன் நிழலில் வந்து ஒதுங்குவான் என்று நினைத்திருப்பார்களா?

1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் முதல் பக்கத்திலேயே பெரிய அளவில் அரசியல் கருத்துப்படம் வெளியிட்டார். தமிழ் இதழ்களில் இது புதிது. படத்தின் கருத்து பாரதியாருடையது, கை வேறொருவருடையது. வரைந்தவர் பெயர் வெளியில் தெரியாமலே போயிற்று. படத்துக்கு விளக்கமும் எழுதினார். படிக்கத் தெரிந்தவன் உரக்க வாசிக்க, தெரியாதவன் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கலாம். 1908-இல் அரசு பாய்ந்தது. பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த மு. சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. பாரதியார் புதுச்சேரி போனார். அச்சகமும் பின்னாலே போயிற்று. அக்டோபரிலிருந்து ‘இந்தியா’ புதுச்சேரியில் வெளிவந்தது, படங்களோடு. ஆங்கிலேயர் ஒற்றர்களை நிறுத்தலாம், எல்லையில் இதழைப் பறிமுதல் செய்யலாம். புதுச்சேரிக்குள் அச்சகத்தைப் பூட்ட முடியாது. அதற்கு 1881-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. தோமியே சிறையில் கழித்த மாதங்களிலிருந்து நமக்கு வந்த பாக்கி என்று இதை நான் வரவு வைப்பேன். ஆனால் வாசகரெல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். பிரதி போய்ச் சேராமல் 1910 மார்ச்சில் இதழ் நின்றது.

அதே 1910-இல், செப்டம்பர் 26-ஆம் நாள், நம் திருவனந்தபுரத்தில் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையை மகாராஜாவின் ஆணைப்படி மூடினார்கள். வக்கம் மௌலவியின் அச்சகம் பறிமுதல். ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளையை ஊரைவிட்டே அனுப்பி, தெற்கு எல்லை கடத்தித் திருநெல்வேலிப் பக்கம் விட்டார்கள். அவர் தாக்கி எழுதியது திவான் பி. ராஜகோபாலாச்சாரியை, திவான் நம் தமிழர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுதினதற்கே இந்தப் பாடு. இங்கிருந்து ஓடி ஒளிய ராமகிருஷ்ண பிள்ளைக்கு ஒரு புதுச்சேரிச் சட்டம் இல்லாமற் போயிற்று.

மலையாள மண் பின்னாளில் கேலிச்சித்திரக்காரர்களை வஞ்சனையில்லாமல் தந்தது. காயங்குளத்துச் சங்கர், மாவேலிக்கரை அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன் என்று பெயர்கள் நீளும். அபு திருவனந்தபுரத்தில் படித்தவர், 2002-இல் இங்கேயே மறைந்தவர். நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 டிசம்பர் 10 ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இதழில் அவர் போட்ட படம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். இன்னும் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல் என்கிறார். தணிக்கை இருந்த நாளிலே இது எப்படியோ வெளிவந்துவிட்டது. பக்ருதீன் அலி அகமதின் முகத்தில் கோரம் எதுவும் சேர்க்கவில்லை. தொட்டியும் பேனாவும் மட்டும் போதுமாயிருந்தது. தோமியேயின் பலகை செய்த வேலையை இங்கே தொட்டி செய்கிறது.

இப்போது மறுப்புக்கு வருகிறேன். பெரியவர்களை இப்படிக் கிண்டல் செய்வது நம் பண்பாடு அல்ல, மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் புறநானூற்றின் 95-ஆம் பாட்டைப் பார்க்க வேண்டும். அதியமான் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவன் படைக்கலங்கள் பளபளவென்று நெய் பூசி மாலையிட்டு இருப்பதைப் புகழ்கிறார். எங்கள் அரசனுடையவையோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். போரே காணாத ஆயுதம் என்று முகத்துக்கு நேரே சொன்னதாயிற்று. வஞ்சப் புகழ்ச்சி என்று இதற்கு அணியிலக்கணத்தில் பெயரே கொடுத்திருக்கிறார்கள். சரக்கு நம்முடையதும்தான்.

மறுப்பின் இன்னொரு பாதியை அவ்வளவு எளிதில் தள்ள முடியவில்லை. வலியவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு, எளியவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. இந்த ஊரில் நம்மைப் ‘பாண்டி’ என்று ஒரு சொல்லால் அழைத்துச் சிரிப்பதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை யார்? வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு கலைநிகழ்ச்சியில், வேட்டியை மடித்துக் கட்டி மலையாளத்தைக் கொன்று பேசுகிற தமிழ்க் கடைக்காரனாக ஒருவர் மேடையேறினார். அரங்கம் குலுங்கியது. என் பக்கத்தில் இருந்த என் பேரன், “தாத்தா, நாம போலாமா?” என்றான். அந்த நாடகத்தில் கணக்கு எதுவும் இல்லை. கடைக்காரன் செய்த தப்பு என்ன என்று யாரும் காட்டவில்லை. அவன் பேச்சே தப்பு. தோமியே பெண்களை வரைந்த படங்களும் இந்த இனந்தான். ஒருவன் செய்ததை வரைகிறார்களா, அவன் பிறந்ததை வரைகிறார்களா என்று பார்த்தால் போதும், தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

2012-இல் பள்ளிப் பாடநூல் படங்கள் குறித்து எழுந்த சர்ச்சையை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். சங்கர் 1949-இல் வரைந்த படத்தில் அரசியல் சட்டம் என்கிற நத்தை மேல் அம்பேத்கர். பின்னால் நேரு கையில் சாட்டை. சட்டம் மெல்ல நகர்கிறது என்பது அன்றைய செய்தி. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சாட்டை அடி பட்ட மக்கள் அந்தச் சாட்டையை வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்று பாடநூலில் சேர்த்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் திருமாவளவன் எழுப்பியது அதைத்தான். அடுத்த மாதமே, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவரைப் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்த படம் தமிழ்நாட்டில் கண்டனம் கண்டது. கலைஞர் கருணாநிதியும் எதிர்த்தார். மாணவனுக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது என்கிற பொருளில் அதில் ஒரு வரி. உயிரைக் கொடுத்தவர்கள் இருந்த போராட்டத்தை அறியாப் பிள்ளைகளின் கல்லெறியாக அது சுருக்கிவிட்டது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் படத்தைக் கிழிப்பதைவிட, பக்கத்திலே பதில் எழுதி வகுப்பில் வைத்துப் பேசியிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

அதிகாரத்தில் உள்ளவரின் கோபம் வேறு மாதிரி. 1987 மார்ச்சில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் எம்.எல்.ஏ.யையும் மந்திரியையும் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டொரு நாளில் விட்டார்கள். அவர் சும்மாயிருக்கவில்லை, உயர்நீதிமன்றம் போய் வென்று ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கினார். 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் இணையதளம் முடக்கப்பட்டது. பிரதமர் கைவிலங்கோடு அமெரிக்க அதிபர் அருகில் அமர்ந்திருப்பதாக ஒரு படம். நம் நாட்டவரை விலங்கிட்டு விமானத்தில் திருப்பியனுப்பிய வேளை அது. மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னது, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. எழுத்துகளெல்லாம் திரும்பி வந்தன, படம் ஒன்றுதான் வெளியே நின்றது. 1835-இல் அமைச்சர் சொன்ன விடையை இங்கே மறுபடி ஒருமுறை வாசித்துக்கொள்ளலாம்.

பாரதியாரின் ‘இந்தியா’ படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்று தொகுத்து 1994-இல் நூலாக்கினார். நம் சங்க நூலக அலமாரியில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம். பழம்புத்தகக் கடையில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். பொறுப்பாளர்கள் தேடட்டும், விலையை என் பற்றில் எழுதிக்கொள்ளட்டும்.